இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் நர்ஸின் பணியும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கச் சகோதரி ஒருவர், "என் தம்பிக்கு ஒரு நாள் மருந்தை ஏற்றவே ஐந்தாறு மணி நேரம் ஆக்கினார்கள். கொஞ்சம் வேகமாக விட்டால்தான் என்ன, சிஸ்டர்?" என்று கேட்டார். சாந்த்ராகாச்சியில் குடியிருந்துகொண்டு பல ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்வி. விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பிக்கு வந்தது கில்லன்-பாரே நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்க, காலில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறும். 2025 ஜனவரியில் புனேயில் 200 பேருக்கு மேல் இந்நோய் சந்தேகிக்கப்பட்டபோது, அசுத்த நீரில் பரவும் காம்பைலோபாக்டர் என்னும் கிருமியைக் காரணமாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோரின் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் இதற்குப் பயன்படும் என்று 1992ல் நெதர்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 24 கிராம். செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒரு குடும்பத்தார் மருந்தை முந்தின இரவே வாங்கி, கெட்டுவிடக் கூடாதே என்று வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். காலையில் பாட்டில் கல்லாக இருந்தது. உறைந்ததை உருக்கிக் கொடுக்கக் கூடாது. நகையை அடகு வைத்து வாங்கிய மருந்து! அன்று முதல் சீட்டு எழுதியவுடனேயே நான் சொல்லிவிடுவேன்: பெட்டியில் வேறுவிதமாக அச்சிட்டிருந்தாலன்றி 2 முதல் 8 டிகிரி வரை, ஐஸ் பெட்டி வேண்டாம், குலுக்க வேண்டாம், நுரைத்துவிடும்.

ஏற்றும் முன் பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரவிடுவோம். கலங்கலாக இருந்தால் தொடமாட்டோம். பாட்டிலின் தொகுதி எண்ணை நோயாளியின் தாளில் எழுதுவோம். பின்னால் ஏதேனும் தெரியவந்தால் அதுதான் துப்பு. அதே குழாயில் வேறு மருந்தைக் கலக்கமாட்டோம்.

இனி வேகம். 5 சதவீத மருந்தானால் 60 கிலோ உள்ளவருக்கு முதலில் மணிக்குச் சுமார் 30 மில்லி, அதாவது நிமிடத்துக்குப் பத்துச் சொட்டுத்தான். மருந்துக்கு மருந்து இது மாறும். உள்ளிருக்கும் தாளைப் படித்தே தொடங்குவேன். அந்த முதல் அரை மணி நேரம் கட்டிலருகிலேயே இருந்து நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பேன். குளிர் நடுக்கம், தலைவலி, முதுகுவலி, அரிப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவை பெரும்பாலும் வேகத்தால் வருபவை. வந்தால் முதலில் சொட்டை நிறுத்துவேன். பிறகுதான் டாக்டருக்குச் சொல்லியனுப்புவது. ஒன்றும் இல்லையென்றால் படிப்படியாகக் கூட்டுவோம். அவசரப்பட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு, ரத்தம் உறையவும் கூடும். வயதானவர்களிடம் இன்னும் கவனம். நீர் போதுமான அளவு உள்ளே போகிறதா, சிறுநீர் எவ்வளவு வெளியேறுகிறது என்றும் அளந்து எழுதுவோம்.

இந்நோயில் மூச்சுத் தசையும் தளரலாம். ஆகவே நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். வங்காளி வார்டில் தமிழில் எண்ணிய ஒருவர் மாலையில் இருபத்திரண்டு வரை போனார். இரவு பத்து மணிக்குப் பதினொன்றிலேயே திணறினார். மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. அது வேலை செய்யப் பல நாள் ஆகும். மூச்சு அதுவரை காத்திருக்காது. உடனே டாக்டரை அழைத்தேன்; தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒன்பது நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். தடியூன்றி நடக்க நான்கு மாதம் பிடித்தது.