கடற்காற்றில் நிற்கும் இழுவை வண்டிக்குப் பட்டைப் பராமரிப்பு

காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் இரண்டு சக்கர வண்டியைச் சிலர் சாப்பாட்டுக் கடையாக வைத்திருக்கிறார்கள். மாலையானால் கடற்கரைப் பக்கம் நிறுத்தி மீன் வறுவல் போடுவார்கள். இன்னும் சிலர் உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, குடும்பத்தோடு பழவேற்காடு, ஏலகிரி என்று கிளம்பிவிடுகிறார்கள். மேலே எந்த வேடம் கட்டினாலும் அடியில் பெரும்பாலும் ஒரே சாமான்தான்: ஓர் அச்சு, இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைக்கட்டு, அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள்.

வடசென்னையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிறகு அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரி செய்த ஊர் இது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களை நம்பியே பிழைக்கும் பட்டறைகளும் இங்கே உண்டு. ஒரே ஒரு சங்கடம். அந்தப் பட்டறைக்காரர்களின் கை, இருபது டன் சுமைக்குப் பழகிய கை. நம் வண்டி ஒரு டன்னைத் தொட்டாலே பெரிது. அதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது நம் பொறுப்பு. கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதற்காகத்தான்.

1. எடை தெரியாமல் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். மணலிப் பக்கமோ எண்ணூர் நெடுஞ்சாலையோ, வே பிரிட்ஜுக்கு இங்கே பஞ்சமில்லை. லாரிக்காரர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஊருக்குக் கிளம்பும்போது எப்படிக் கிளம்புவீர்களோ அப்படியே முழுச் சாமானோடு போய் நிறுத்துங்கள். கண்ணளவில் சுமை தெரியவே தெரியாது. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ: கேஸ் 14.2 கிலோ, மீதி இரும்பு. தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ. 200 லிட்டர் டிரம்மை நிரப்பினால் மூன்று ஆட்களை ஏற்றிய மாதிரி.

2. முன்கொக்கியில் விழும் சுமையைத் தனியாகப் பாருங்கள். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அங்கே இருக்க வேண்டும். வே பிரிட்ஜ் இவ்வளவு சின்னக் கணக்கைச் சரியாகக் காட்டாது. மீன் பெட்டி நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசு கிடைத்தால் போதும். சமதரையில் வண்டியைக் காரிலிருந்து கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கொக்கியை மட்டும் ஒரு முட்டுக்கட்டை வைத்துத் தராசின் மேல் இறக்குங்கள். காரில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்கட்டும். எடை குறைவாக இருந்தால் பின்பாரம் என்று பொருள். வேகம் எடுத்ததும் வண்டி வால் ஆட்டும். அதற்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்தில்லை; சாமானை முன்னால் நகர்த்துங்கள்.

3. "இன்னொரு பட்டை சேத்துப் போட்டுடலாமாண்ணே?" என்று பட்டறையில் கேட்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து தெரிவதற்குக் காரணம், இருக்கும் பட்டை வளைவு இழந்ததாகவோ உள்ளே ஒன்று ஒடிந்ததாகவோ இருக்கலாம். நாலு பட்டை இருக்கும் கட்டில் அதே கனத்தில் ஐந்தாவது சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ கால் பங்கு கூடும். கனத்தை மாற்றினால் கதையே வேறு: விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு 8 மி.மீ. போட்டால், அந்த ஒரு பட்டை மட்டும் இரண்டேகால் மடங்குக்கு மேல் விறைத்துக்கொள்ளும். அப்புறம் பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்காது, மேல்கூடு வாங்கும். பிளைவுட் மூலைகள் பிளக்கும், ரிவெட் தளரும், எல்லாவற்றிலும் மோசம், கேஸ் குழாயின் இணைப்பு கசியும். வண்டி குலுங்குகிறது என்று போய் அதிகக் குலுக்கலைக் காசு கொடுத்து வாங்கி வருபவர்கள் நிறையப் பேர். எடைச்சீட்டைக் கையில் கொடுத்து, "இதுக்கு எத்தனை பட்டை வேணும்?" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

4. ஒரு பக்கம் ஒடிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். புதுப்பட்டை ஒரு பக்கம், களைத்த பட்டை மறு பக்கம் என்றால் வண்டி சாய்ந்தே ஓடும்.

5. மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அடியில் பாருங்கள். நடுவில் சென்டர் போல்ட் துளை இருக்கும் இடம்தான் பட்டையின் பலவீனமான இடம். யூ போல்ட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்; அழுக்கானால் போய்விடும், விரிசலானால் நிற்கும். ஒடிந்த பட்டையின் வாயைக் கவனித்தால் ஒரு சங்கதி புரியும். அதில் ஒரு பகுதி பழுப்பேறிக் கிடக்கும், மீதி வெள்ளி மாதிரி மின்னும். பழுப்பு, முன்பே விரிசல் விட்டு உப்புக்காற்று குடித்த பகுதி. மின்னுவது, இன்று ஒடிந்தது. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

6. யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கினால் அது கொஞ்சம் நீண்டுவிடும். மறுமுறை அதே பிடி கிடைக்காது. புதிதாகப் போட்டபின் முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள். நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது.

7. டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கொக்கியின் நடுப்புள்ளியிலிருந்து இடது சக்கர மையத்துக்கும் வலது சக்கர மையத்துக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது யூ போல்ட் தளர்ந்திருக்கும்.

8. கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த கதை பழையது. கரையோரத்தில் பல வீட்டு போர்த் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பு. அதே மீஞ்சூரையொட்டி காட்டுப்பள்ளியில் 2010-இல், கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் தொடங்கப்பட்டது என்பது வேடிக்கைதான். மெட்ரோ வாட்டர் ஒரு பக்கெட் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு பட்டைக்கு நடுவிலும், பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் உட்புறத்திலும், அச்சுக்குழாயின் மேற்பரப்பிலும்தான் உப்பு ஒளிந்திருக்கும். கழுவியபின் நிழலில் நிறுத்தாதீர்கள், வெயிலில் காயட்டும்.

9. பட்டையில் வேஸ்ட் ஆயில் அடிப்பது பழைய பழக்கம். துருவைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் பறக்கும் எண்ணூர்ப் பக்கத்தில், ஆயில் பட்ட இடமெல்லாம் அந்தத் தூசி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிடும். பட்டை மேலும் கீழும் வழுக்கும்போது அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிரேக் உள்ள வண்டியானால் ஆயில் வழிந்து டிரம்முக்குள் போகும் ஆபத்தும் சேர்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெலிதாகத் தடவிப் பூட்டுவதே மேல். வெளிப்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட். புரட்டாசியில் செய்துவிட்டால் ஐப்பசி மழைக்குக் கவலையில்லை.

10. பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் புஷ் எந்த வகை என்று தெரிந்துகொண்டு கிரீஸ் வையுங்கள். பித்தளை, வெண்கலப் புஷ் என்றால் கிரீஸ் கட்டாயம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் நிப்பிளில் அடித்தால்தான் உள்ளே சுற்றிலும் போகும். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் விஷம், ஊதிக் குழைந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி தரையில், தன் பாரத்தோடு நிற்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும்.

11. பட்டையில் வெல்டிங் கூடாது. ஒடிந்ததை ஒட்டவும் கூடாது, பக்கத்தில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பைப் பட்டையில் மாட்டவும் கூடாது. சிலிக்கான், மாங்கனீஸ் சேர்ந்த உருக்கைப் பதம் போட்டுச் செய்த பொருள் அது. சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஒடிந்த பட்டையைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராவிட்டால் கொல்லரிடம் கொடுங்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு என்றுமே மதிப்புண்டு.

12. சத்தத்தைக் கேளுங்கள். வேகத்தடையில் "கிரீச்" என்றால் காய்ந்த புஷ். "டக்" என்று ஒரே அடி என்றால் தேய்ந்த ஷேக்கிள் பின். தொடர்ந்து "கடகட" என்றால் பட்டைக் கிளிப் கழன்றிருக்கிறது.

13. பணம் செலவழித்து ஒன்றை மட்டும் மேம்படுத்த வேண்டுமானால் ஷாக் அப்சார்பர் போடுங்கள். சின்ன இழுவை வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. பட்டைகளின் உராய்வே துள்ளலை அடக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். சரக்கு வண்டிக்கு அது போதும். உள்ளே கண்ணாடிச் சாமானும் அடுப்பும் இருக்கும் வண்டிக்குப் போதாது. மூலையை அழுத்தி விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்காமல் துள்ளினால் ஷாக் தேவை, இருக்கிற ஷாக் என்றால் மாற்றம் தேவை. பொருத்தும் பிராக்கெட்டை அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே சரியான சாய்வில் வைக்கத் தெரிந்த ஆளிடமே கொடுங்கள்.

14. ரப்பர் டார்ஷன் அச்சு, ஏர் பலூன் இரண்டும் சொகுசானவை. டார்ஷனில் சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகள் இருக்கும். பராமரிப்பே கிடையாது, அதுபோல ரிப்பேரும் கிடையாது. ரப்பர் இறுகிப்போனால் அச்சையே மாற்ற வேண்டும். ஏர் பலூனுக்குக் கம்ப்ரசர், வால்வு, குழாய் என்று ஒரு குடும்பமே கூட வரும். நடுவழியில் பழுதானால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்து தரக்கூடியது பட்டைதான். என் ஓட்டு அதற்கே.

15. பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வண்டியை உயர்த்தும் வேலை வேண்டாம். உயரம் கூடினால் காட்டு ரோட்டில் தரை தட்டாது, சரி. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கடல் பக்கமிருந்து காற்று தள்ளும்போது, பக்கத்தில் கன்டெய்னர் லாரி கடந்தால் தெரியும். இழுவை வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எதைச் செய்வதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

16. சக்கரம் வெள்ளத்தில் நின்றதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. ஹப் மூழ்கியிருந்தால் ஓட்டிப் பார்க்காமல் மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, புதுக் கிரீஸை உருளைகளுக்குள் பிதுங்கும்படி உள்ளங்கையால் அழுத்திப் புகட்டி, புது சீல் போட வேண்டும். மற்ற நாட்களில், பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இரண்டு ஹப்பையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. ஒன்று மட்டும் சுட்டால் அதில்தான் கோளாறு.

17. டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் வெடிப்பு விடும். ஐந்தாறு வருடம் ஆனதை, பூ அழியாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

18. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து டயரின் பாரத்தை இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடினால் ஈரம் அடியிலேயே அடைபடும். ஓர் அடி விட்டு மூடுங்கள்.

19. காணும் பொங்கலுக்குப் பழவேற்காடு கிளம்புமுன் வண்டியில் இருக்க வேண்டியவை: உங்கள் அச்சின் அளவுக்குப் பொருந்தும் யூ போல்ட் ஒரு ஜோடி, சென்டர் போல்ட் ஒன்று, நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பேனர், ஜாக்கி, இரண்டடிச் சங்கிலி, கெட்டியான மரக்கட்டை ஒன்று. வழியில் மெயின் பட்டை ஒடிந்துவிட்டால் வண்டியை ஓரம்கட்டி, ஆட்களை இறக்கி, தண்ணீரைக் கொட்டிப் பாரம் குறையுங்கள். ஜாக்கியில் சேஸிஸைத் தூக்கி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டையைச் செருகி, அச்சு பின்னால் நழுவாதபடி சங்கிலியால் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தோடு கட்டுங்கள். அந்தக் கோலத்தில் நடை வேகத்தில் பொன்னேரி வரைக்கும் வந்துவிடலாம்; ஆனால் அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி, கட்டை நழுவாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.