கயாக்கில் பாஸ் மீன் பிடிக்கப் போகுமுன்

தென் ஒன்ராறியோ ஏரிகள் பலவற்றில் ஜூன் பிற்பாதியில் பாஸ் மீன்பிடிக் காலம் தொடங்குகிறது. கயாக்கில் போக விரும்பும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது தூண்டில் விலையை! முதலில் வாங்கவேண்டியது உயிர்காப்பு அங்கி. அது படகில் இருந்தாலே சட்டத்துக்குப் போதும், உயிருக்குப் போதாது. நாங்களும் இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனவர்கள்தான். 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சுத் திணறும். சுமார் 10 நிமிடத்தில் கைகால் சொற்கேளாது. பிறகு அங்கியை எப்படி மாட்டுவது? நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். ஆகவே முதற் பயணத்தை இலையுதிர்காலத்துக்குத் தள்ளாமல் ஜூலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கயாக் மேலே அமரும் வகையாக, அகலமாக, 10 முதல் 12 அடி நீளத்தில் இருக்கட்டும். ஏழடித் தூண்டில் தடி ஒன்று, 10 இறாத்தல் தங்கூசி, பிளாஸ்டிக் புழு போதும். மீன்பிடி அனுமதியை மறவாதீர்கள். கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.