எடை சேர்த்த சட்டை

வகுப்பில் சில குழந்தைகள் சட்டைக் கழுத்தை ஓயாது இழுத்துக் கொண்டிருப்பதை ஆசிரியர்கள் கண்டிருக்கலாம். இது குறும்பு அன்று. தொடு உணர்வு மிகக் கூர்மையாய் உள்ளவர்களுக்குத் தையல் விளிம்பும் முள்ளெனக் குத்தும். ஆட்டிசம் உடையோர் பலரிடம் இந்நிலை காணப்படுகிறது.

மெல்லிய தொடுகை துன்புறுத்தினும், உறுதியான சீரான அழுத்தம் இவர்களுள் சிலருக்கு அமைதி தருகிறது. ஆட்டிசம் உடையவரான அமெரிக்கக் கால்நடை அறிவியலறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை இருபுறமும் அணைத்து நிறுத்தும் சட்டத்தைக் கண்டு, 1960களில் தமக்கென அத்தகைய பொறி ஒன்றை அமைத்துக் கொண்டார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையிலேயே இருந்தன. எடை சேர்த்த சட்டைக்கும் இவ்விதியே பொருந்தும்.

தைக்கும் முறை: பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியில், முன்புறம் திறக்கும் கையில்லாச் சட்டையை இரட்டைத் துணியாகத் தைக்க வேண்டும். தையல் விளிம்புகள் இரு துணிகளுக்கும் இடையே அடங்குதல் நலம். முன்னும் பின்னும் சம அளவில் மூடுபைகள் அமைத்து, கழுவி உலர்த்திய மணலை நெருக்கமாக நெய்த துணியில் பொட்டலமாக்கி இடலாம். தானியம் ஈரத்தில் கெடும். துவைக்கும்போது பொட்டலங்களை வெளியே எடுக்க இயல வேண்டும். வெயில் காலத்திற்குப் பக்கங்களைத் திறந்து விட்டு நாடா வைப்பது ஏற்றது.

எடை: உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு என்பது வழக்கிலுள்ள அளவு. 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 1 கிலோகிராம். அதாவது 100 கிராம் பொட்டலங்கள் முன்னே ஐந்து, பின்னே ஐந்து. முதலில் இதில் பாதியே போதும். மூச்சுக்கோளாறு, வலிப்பு, முதுகெலும்புக் குறை உள்ளோர்க்கு மருத்துவரின் அனுமதி இன்றியமையாதது.

பயனும் எல்லையும்: இங்கிலாந்தில் ஆட்டிசம் உடைய 67 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எடைப் போர்வையால் உறக்க நேரம் கூடவில்லை. ஆயினும் குழந்தைகளும் பெற்றோரும் அதனையே விரும்பினர். ஆகவே இது நோய் தீர்க்கும் மருந்து அன்று, ஒரு வசதியே.

2008இல் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பள்ளி ஒன்றில், எடைப் போர்வையால் சுற்றப்பட்ட 9 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஆதலின் குழந்தையை அடக்கவோ தண்டிக்கவோ எடையைப் பயன்படுத்தலாகாது. உறக்கத்திலும் சட்டை வேண்டாம். பொட்டலங்களை இடுமுன் வெறும் சட்டையைக் குழந்தையே கழற்றிக் காட்டட்டும். தானே கழற்ற இயலாத குழந்தைக்கு இச்சட்டையை அணிவித்தல் கூடாது.