இன்டெல் தப்பிக்குமா?

கேள்வி: ஐயா, கரூரில் இருபது ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பென்டியம் காலத்தில் ‘உள்ளே இன்டெல்தானே?’ என்று கேட்டுவிட்டுத்தான் வாடிக்கையாளர்கள் பணத்தை எடுப்பார்கள். இப்போது அவர்களே ‘ஏஎம்டி ரைசன் போட்டுக் கொடுங்க’ என்கிறார்கள். ஆட்குறைப்பு, நஷ்டம், அமெரிக்க அரசே பங்கு வாங்கியது என்று இன்டெல் பற்றி வரும் செய்திகள் கவலை தருகின்றன. அந்த நிறுவனம் நிலைக்குமா? அதன் பிராசஸரை இனியும் நம்பி விற்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக விற்கலாம். உலகில் விற்கும் பிசி பிராசஸர்களில் பெரும்பங்கு இன்றும் இன்டெலுடையதுதான். உதிரிக்கும் வாரன்டிக்கும் குறை வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மேல்வரிசை மாடல்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் பழுதாவது 2024இல் தெரியவந்தது. இன்டெல் அவற்றின் வாரன்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. அப்படிப்பட்ட மெஷின் சர்வீஸுக்கு வந்தால் பயாஸை அப்டேட் செய்யாமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரிசெய்யாது. அதை வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி முதல் கேள்வி. இன்டெலின் நோய் விற்பனையில் தொடங்கவில்லை, ஆலைக்குள் தொடங்கியது. சிப் தயாராவது ‘வேஃபர்’ என்ற சிலிக்கான் வட்டத்தகட்டில். குறுக்களவு 300 மில்லிமீட்டர், அதாவது நம் வீட்டுத் தோசைக்கல் அளவு. அந்தத் தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். கடைசியில் அதிலுள்ள சிப்புகளைச் சோதித்து, சிறு சிறு சதுரங்களாக வெட்டுவார்கள். அவற்றில் எத்தனை தேறுகிறதோ அதுதான் ‘யீல்டு’, நம் சொல்லில் விளைச்சல். தொண்ணூறு சதவீதம் தேறினாலும் ஐம்பது சதவீதம் தேறினாலும் தகட்டுக்கு ஆன செலவு ஒன்றுதான். பத்து மூட்டைக்குச் செலவழித்துவிட்டு ஐந்து மூட்டை அறுக்கும் விவசாயியின் கதிதான் சிப் ஆலைக்கும்.

இன்டெலின் விளைச்சல் பொய்த்தது 10 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில். 2016 வாக்கில் சந்தைக்கு வர வேண்டியது, 2019இல்தான் பெரிய அளவில் வந்தது. அதற்குள் தைவானின் டிஎஸ்எம்சி 7 நானோமீட்டரில் முந்திவிட்டது. நுண்ணிய கோடுகளை வரையும் இயூவி ஒளி இயந்திரத்தை உருவாக்கியது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அந்த நிறுவனத்தில் 2012இலேயே பெரும் முதலீடு செய்தது இன்டெல். ஆனாலும் அந்த இயந்திரம் இல்லாமலே 10 நானோமீட்டரைச் செய்து முடிக்கப் பார்த்தது. டிஎஸ்எம்சியும் சாம்சங்கும் 2018-19இல் அந்த இயந்திரத்தை ஆலையில் ஓட்டத் தொடங்கின. இன்டெல் 2023இல்தான் அந்த இடத்துக்கு வந்தது. இதற்கிடையே 2020இல் ஆப்பிள் தன் கணினிகளில் இன்டெலை விட்டுத் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2024இல் வந்த ‘லூனார் லேக்’ லேப்டாப் பிராசஸரின் முக்கியப் பகுதியையே இன்டெல் டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்து வாங்க வேண்டிவந்தது. ஆலையால் பேர் வாங்கிய நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை.

2021இல் தலைமைக்கு வந்த பேட் கெல்சிங்கர், பிற நிறுவனங்களின் சிப்பையும் செய்து கொடுக்கும் ‘ஃபவுண்டரி’யாக இன்டெலை மாற்ற முயன்றார். ஆலைகளில் பணம் கொட்டப்பட்டது. பெரிய ஆர்டர்கள் வரவில்லை. 2024இல் நிகர நஷ்டம் ஏறத்தாழ 1,880 கோடி டாலர். அந்த ஆண்டு ஆகஸ்டில் சுமார் 15,000 பேரைக் குறைக்கும் முடிவு, டிசம்பரில் கெல்சிங்கரின் விலகல். 2025 மார்ச்சில் லிப்-பு டான் பொறுப்பேற்றார். ஜெர்மனி, போலந்து ஆலைத் திட்டங்களைக் கைவிட்டார். அமெரிக்காவின் ஒஹாயோ ஆலை 2030-31க்குத் தள்ளிப்போனது.

பிறகு பணம் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்குச் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. சாஃப்ட்பேங்க் 200 கோடி டாலரும் என்விடியா 500 கோடி டாலரும் போட முன்வந்தன. அக்டோபரில், அரிசோனாவில் 18ஏ என்ற தன் புதிய சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்துக்கான ஃபேப் 52 ஆலை இயங்கத் தொடங்கிவிட்டதாக இன்டெல் அறிவித்தது.

இந்தப் பணம் இன்டெலுக்கு அவகாசம் வாங்கித் தரும், வாடிக்கையாளரைக் கொண்டுவராது. 18ஏ-க்கு அடுத்த 14ஏ தொழில்நுட்பத்தில் பெரிய வெளி வாடிக்கையாளர் உறுதியாகக் கிடைக்காவிட்டால், அதை நிறுத்தவும் நேரலாம் என்று 2025 ஜூலையில் இன்டெலே சொல்லிவிட்டது. ஆகவே பங்கு விலையைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம். முன்னணி நிறுவனம் ஒன்று தன் முக்கிய சிப்பை இன்டெல் ஆலையில் செய்யக் கொடுத்தது என்ற செய்தி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அது வராவிட்டாலும் இன்டெல் என்ற பெயர் அழியாது. 1985இல் மெமரி சிப் தொழிலில் ஜப்பானியர்களிடம் தோற்று வெளியேறிய இன்டெல்தான் பிராசஸரில் உலகை ஆண்டது. நீங்கள் இன்று விற்கும் ரைசனின் கதையும் அதுதான். ஏஎம்டி 2009இல் தன் ஆலைகளைப் பிரித்துக் கொடுத்தது. 2015இல் அதன் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. 2017இல் ரைசனின் அடிப்படையான ஜென் வடிவமைப்போடு ஏஎம்டி எழுந்தது. இன்டெலும் ஆலையை விட்டுவிட்டு, வடிவமைப்பாளராக மட்டும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்படி நடக்கக் கூடாது என்பதே என் விருப்பம். இன்டெல் ஒதுங்கினால், உலகின் மிக நுண்ணிய பிராசஸர்களைப் பெருமளவில் செய்துதர டிஎஸ்எம்சி, சாம்சங் என்று இரண்டே நிறுவனங்கள்தான் மிஞ்சும். அவற்றிலும் பெரும்பாலான வேலை தைவானில் நடக்கிறது. அங்கே ஒரு நிலநடுக்கமோ போரோ வந்தால், அதன் விலையை உங்கள் கடையில் லேப்டாப் வாங்கவரும் கல்லூரி மாணவர் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் இன்டெலையும் வையுங்கள், ரைசனையும் வையுங்கள். வருபவரின் வேலைக்கும் பணத்துக்கும் எது பொருந்துமோ அதைக் கொடுங்கள். போட்டி இருக்கும்வரைதான் வாங்குபவருக்கு நியாய விலை.