செங்குருதி நத்தையும் கால்நடை நோயும்

வயல் வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட ஓடுடைய நத்தையொன்றைக் கமக்காரர் கண்டிருப்பர். இந்தோபிளானோர்பிசு எனப்படும் இது, மாடுகளின் குடலைச் சார்ந்த குருதிக் குழாய்களில் வாழும் தட்டைப்புழுவைப் பரப்புகின்றது.

சாணத்தோடு நீரிற் சேரும் முட்டைகள் பொரித்து, குடம்பிகள் நத்தையினுட் புகுகின்றன. அங்கே பெருகி வெளியேறுபவை, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்கின்றன. மனிதர் காலிற் புகுந்தவை தோலிலேயே இறந்துவிடினும், அரிப்பும் பருக்களும் உண்டாகும்.

அழுகிய நீரில் இந்நத்தை மடிந்துவிடுமென எண்ணற்க. பெரும்பாலான நத்தைகளின் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது, செம்பைக் கொண்ட நீலநிற ஈமோசயனின் என்னும் புரதமாகும். இச்சுருள்நத்தையிலோ, மனிதரிற்போல இரும்பைக் கொண்ட செந்நிற ஈமோகுளோபின் உண்டு. இதன் உறவினமாய்த் தென்னமெரிக்காவில் மனிதருக்கு இத்தகைய புழுநோயைப் பரப்பும் பயோம்பலேரியா நத்தையை ஆராய்ந்தோர், இப்புரதத்தின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒட்சிசனைப் பற்றும் பகுதிகள் 13 இருப்பதை 2006 இல் வெளியிட்டனர். தசைப் புரதமொன்றின் பரம்பரையலகு பன்முறை இரட்டித்தே இது தோன்றியது. ஒட்சிசன் குறைந்த தேங்குநீரிலும் நத்தை வாழ்தற்கு இதுவே துணை.

ஆகவே செய்யவேண்டியவை:

1. தேங்கிய நீரை வடித்து, வாய்க்காற் களைகளை அகற்றுக.
2. பச்சைச் சாணத்தை நீரிற் சேரவிடற்க. குவித்து மக்கிய பின்னரே வயலுக்கு இடுக.
3. மாடுகளைக் குட்டையில் இறக்காது, கிணற்று நீரைத் தொட்டியில் வைத்துப் பருகச்செய்க.
4. நத்தை மிகுந்த நீரில் இறங்குவோர் இறப்பர்ச் சப்பாத்து அணிக.
5. கழிச்சலால் மெலியும் மாட்டைத் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக.