மோட்டார் வண்டியின் மடக்குக் கூரை

வெயிலுக்கும் மழைக்கும் ஒருங்கே அஞ்சவேண்டிய ஊர் நம் மதுரை. சித்திரைத் திங்களின் நண்பகலில் வீதிக்கல்லில் காலூன்ற இயலாது. அன்று மாலையே அழகர்மலைப் பக்கத்தில் மேகம் திரண்டு, புழுதிக் காற்று முன்னே வர, இடியுடன் கோடைமழை கொட்டிவிடுவதும் உண்டு. ஐப்பசி பிறந்தாலோ வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். இத்தகைய நாட்டில் வண்டிக்குக் கூரை இன்றியமையாதது. ஆயினும் மாலைக் காற்றை நுகர்ந்து செல்ல விரும்புவோனுக்கு அக்கூரை விலகவும் வேண்டும். ஒன்றற்கொன்று மாறான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்ற மனிதன் கண்ட உபாயமே மடக்குக் கூரை. அதன் அமைப்பையும், அது பழுதுறும் வகைகளையும், அதனைச் செப்பனிடும் முறையையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடக்குக் கூரை மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. நம் மாட்டு வண்டியின் கூண்டு நிலையானது. ஆனால் மேனாட்டுக் குதிரை வண்டிகளில் தோற்கூரையை முன்னும் பின்னும் மடக்கும் வகை முன்னரே இருந்தது. ஜெர்மனியிலுள்ள லாண்டாவ் என்னும் ஊரின் பெயரால் வழங்கிய வண்டி அவ்வகையினது. நம் வீதிகளில் பல்லாண்டுகள் ஓடிய சைக்கிள் ரிக்ஷாவின் டாப்பும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் செய்த ‘டி’ மாதிரி வண்டிகளில் பல, மடக்குக் கூரையுடனேயே விற்பனையாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டி விற்ற வில்லிஸ் ஜீப்புகள், இரும்பு வில்களின்மேல் கித்தான் விரித்தவையாகவே ஊர்தோறும் சென்றன. அந்நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தார்’ வண்டியிலும் மடக்கத்தக்க கித்தான் கூரை ஒரு வகையாக அளிக்கப்பட்டது. ஆகவே இது பழம்பொருள் சேர்ப்போர்க்கு மட்டும் உரிய விஷயமன்று.

இனி, கூரையின் உறுப்புகளைக் காண்போம். கூரையின் முன்விளிம்பில், முன் கண்ணாடிச் சட்டத்தின்மேல் அமர்ந்து தாழிடப்படுவது முன்சட்டம். அதற்குப் பின்னே குறுக்காக நிற்கும் வளைந்த இரும்புகள் வில்கள். இவ்வில்களை இருபுறமும் தாங்கி நிற்பவை புயங்கள். புயங்கள் ஒன்றோடொன்று ஆணிகளால் பிணைக்கப்பட்டு, இறுதியில் வண்டியின் உடலில் உள்ள பெரிய கீல்களில் முடிகின்றன. வில்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாதபடி உள்ளே வார்கள் தைக்கப்பட்டிருக்கும். இவற்றின்மேல் கித்தானோ ரெக்ஸினோ போர்த்தப்படும். கண்ணாடிகளோடு கூரை சேரும் இடங்களில் ரப்பர் பட்டைகள் உண்டு. சுருங்கச் சொன்னால், ஆணிகள் மூட்டுகள், புயங்களும் வில்களும் எலும்புகள், வார்கள் நரம்புகள், கித்தான் தோல் எனலாம். இவ்வுவமையை நினைவிற் கொள்க; பின்னர்ப் பயன்படும்.

இவ்விரும்புகள் குழப்பமின்றி ஒருங்கே மடிவது எங்ஙனம்? இதனை அறிய ஒரு சிறு சோதனை செய்யலாம். மூன்று அட்டைத் துண்டுகளை முனைகளில் குண்டூசியால் பிணைத்து முக்கோணமாக்குங்கள். எவ்வளவு அசைத்தாலும் அதன் வடிவம் மாறாது. பின்னர் நான்கு துண்டுகளைப் பிணையுங்கள். இப்போது ஒரு துண்டை அசையாமற் பிடித்துக்கொண்டு மற்றொன்றை நகர்த்தினால், ஏனைய இரண்டும் தத்தமக்குரிய வழியிலேயே நகரும். வேறு வழியிற் செல்ல அவற்றிற்கு உரிமை இல்லை. எதிரெதிர்த் துண்டுகள் சம நீளமுடையவாயின், மேல் துண்டு கீழ்த் துண்டிற்கு இணையாகவே செல்லும். நீளங்கள் வேறுபடின், மேல் துண்டு செல்லும்போதே திரும்பவும் செய்யும். இந்நாற்கோண இணைப்பே மடக்குக் கூரையின் உயிர்நிலை. வண்டியின் உடல் அசையாத துண்டு, புயங்கள் மற்றவை. விரிந்த நிலையிலும் மடிந்த நிலையிலும் வில்கள் உரிய இடத்தில் அமையுமாறு புயங்களின் நீளங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வகுத்திருக்கின்றனர்.

இதனின்று ஓர் உண்மை பெறப்படும். ஒரு நீளம் மாறினாலும், ஓர் ஆணி தன் இடத்தினின்று விலகினாலும், கூரை முழுவதும் செல்லும் வழி மாறிவிடும். அந்நிலையில் எத்துணை வலிந்து இழுத்தாலும் அது பழைய வழிக்கு வாராது. இரும்பு வளையும், அன்றேல் துணி கிழியும்.

சில கூரைகளில் பக்கவாட்டில் முழங்கை போன்ற மூட்டு ஒன்று உண்டு. கையை நீட்டுவதுபோல அது நீண்டு, நேர்கோட்டைச் சிறிது கடந்து நின்றுவிடும். அதன்பின் துணியின் இழுப்பு அதனை மடக்காது. மேலும் இறுக்கவே செய்யும். தாழின்றியே தாழிட்டாற் போன்ற இவ்வமைப்பை விடுவிக்க, முதலில் முழங்கையை மேல்நோக்கித் தட்டவேண்டும். அதனை அறியாது முன்சட்டத்தை மட்டும் இழுப்பவர் பலர்.

இவ்வாறு அறியாது கெடுத்தவருள் யானும் ஒருவன். என் மாமாவிடம் மடக்குக் கூரையுள்ள பழைய மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. ஒருநாள் மாலை மேலூரிலிருந்து மதுரைக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரையின் இடப்பக்கம் எழ மறுத்தது. பின்னால் அமர்ந்திருந்த தங்கை நனைகின்றாளே என்னும் பதற்றத்தில் யான் முழு வலிவையும் கொண்டு இழுத்தேன். கூரை எழுந்தது, ஆனால் இடப்புறத்துத் துணி இரண்டு சாண் அளவு கிழிந்தது. இரும்புகளுக்கிடையே தங்கையின் கைவிரல் அகப்பட்டு நகம் கன்றிப்போயிற்று. விரல் முறியாதது எங்கள் நற்காலமே.

வண்டியை ஒரு பணிமனையில் விட்டோம். துணி பழையது என்று கூறிப் புதுத்துணி போர்த்திக் கணிசமான தொகை பெற்றுக்கொண்டனர். அடுத்த மழைக்காலத்திற்குள் புதுத்துணியும் அதே இடத்தில் கிழிந்தது! பின்னர், முற்காலத்தில் ரிக்ஷாக்களுக்கு டாப்புத் தைத்துவந்த முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் துணியைத் தொடவேயில்லை. கூரையைப் பாதி எழுப்பி நிறுத்தி, இடப்புயத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். “தம்பி, கிழிந்தது துணி, கிழித்தது இரும்பு. ஆணியில் ஆட்டம் இருக்கிறது,” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. கீலின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. அதனால் இடப்பக்கத்து வில் பின்தங்கி, புயத்திற்கும் வில்லிற்கும் நடுவே துணியைக் கவ்விக் கிழித்திருந்தது. நோய் மூட்டில் இருக்க, மருந்தைத் தோலுக்கு இட்டோம்!

இத்துணைச் சிறு தேய்வு அத்துணைப் பெருங்கேடு விளைப்பது எங்ஙனம் என்று ஐயுறலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு புயம் 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு ஆணிகளால் நிறுத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதல் ஆணி உறுதியாக நிற்க, இரண்டாவதில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் உண்டாயின், முதல் ஆணியிலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள புயமுனையில் அந்த ஆட்டம் எட்டு மடங்காகி 4 மில்லிமீட்டராகும். வலப்பக்கம் எதிர்த்திசையில் அவ்வாறே தேய்ந்திருந்தால், இருபக்கத்திற்கும் வேறுபாடு 8 மில்லிமீட்டர். முன்சட்டம் தாழில் பொருந்தாமைக்கும், ரப்பர் பட்டையின் இடையே மழைநீர் நுழைவதற்கும் இவ்வளவே போதும். நெம்புகோலைப் பற்றி வகுப்பில் படித்த பாடம் இதுவே.

ஆதலின் பழுது பார்ப்போர் எலும்பிலிருந்து தோலுக்குச் செல்லவேண்டும். தோலிலிருந்து எலும்புக்கு அன்று. அம்முறையை வரிசையாகக் கூறுவேன்.

முதலாவது, சமதரையில் வண்டியை நிறுத்தி, இருவர் இருபுறமும் நின்று கூரையை மெல்ல எழுப்புக. எந்த இடத்தில் எந்தப் பக்கம் தயங்குகிறது என்று நோக்குக. பாதி எழுந்த கூரையைக் கட்டை கொடுத்துத் தாங்கிய பின்னரே இரும்புகளுக்கிடையே கையை நுழைக்கலாம். குழந்தைகளை அருகில் விடலாகாது.

இரண்டாவது, கயிறு ஒன்றால் மூலைக்கு மூலை அளந்து பார்க்க. இடப்புறத்துப் பின்கீலிலிருந்து வலப்புறத்து முன்முனைக்கும், வலப்புறத்துப் பின்கீலிலிருந்து இடப்புறத்து முன்முனைக்கும் உள்ள தூரங்கள் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடின் ஒரு புயம் வளைந்திருக்கிறது, அல்லது ஓர் ஆணி தேய்ந்திருக்கிறது. புயத்தைக் கழற்றி மறுபுறத்துப் புயத்தோடு ஒப்பிட்டால் வளைவு விளங்கிவிடும்.

மூன்றாவது, மூட்டுகளைத் தூய்மை செய்க. நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஆணிகளிற் புகுந்து, பழைய கிரீஸுடன் கலந்து, சாணைக் களிம்பு போலாகித் துளையை அராவிவிடும். துணியின்மேல் படாதவாறு பழந்துணியைச் சுற்றி மறைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் மூட்டுகளைத் தேய்த்துத் துடைத்து உலரவிடுக. பின்னர் ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய எண்ணெய் ஓரிரு துளி இட்டு, பலமுறை அசைத்து, மிகுந்ததைத் துடைத்துவிடுக. திறந்த மூட்டில் கிரீஸை அப்புவது புழுதிக்கு விருந்து வைப்பதாகும்.

நான்காவது, தேய்ந்த துளையைச் சற்றே பெரிதாக்கி வட்டமாகக் கடைந்து, பித்தளைப் புஷ் இறுக்கி, அளவான புதிய ஆணியைப் பொருத்துக. ஆட்டத்தைப் போக்கும் எண்ணத்துடன் பழைய போல்ட்டையே இறுக முடுக்குவது தவறு. அப்போது மூட்டு திரும்பாது, புயம் வளையும். ஆட்டமின்றித் தடையுமின்றித் திரும்புவதே நல்ல மூட்டு.

ஐந்தாவது, வார்களைப் பார்க்க. தளர்ந்த வார் வில்லை நெறி தவறவிடும். இவை அனைத்தும் சீரான பின்னரே துணியைப் பற்றி எண்ணலாம். நெடுநாள் மடித்தே வைத்திருந்த ரெக்ஸின் கூரை சுருங்கி, முன்சட்டம் தாழை எட்டாமல் நிற்கக்கூடும். அதனை வலிந்து இழுக்காமல், விரித்த நிலையில் வெயிலில் சிறிது நேரம் விட்டால் இளகிக் கொடுக்கும்.

கூரையைக் காப்பதில் நீரும் வெயிலும் இரு பகைகள். நனைந்த கூரையை மடிக்கலாகாது. மடிப்பினுள் பூஞ்சை பற்றித் தையல் நூல் இற்றுவிடும். வழியில் மடிக்க நேரின், வீடு சேர்ந்ததும் விரித்து உலர்த்துக. கூரை மடியும் பள்ளத்தில் நீர் வடியும் துளைகள் பல வண்டிகளில் உண்டு. மரநிழலில் நிற்கும் வண்டியில் புளியிலையும் வேப்பம்பூவும் உதிர்ந்து அத்துளைகளை அடைத்துவிடும்; தேங்கிய நீர் வண்டியின் அடித்தகட்டைத் துருவேற்றும். கூரிய கம்பியால் குத்தினால் உள்ளிருக்கும் ரப்பர்க் குழாய் பொத்தலாகும். தடித்த நைலான் நரம்பை விட்டு மெல்லத் தள்ளி, ஒரு செம்பு நீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்தல் போதும். பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைத்தால் புழுதியே அதனைக் கீறிவிடும். நிறைந்த நீரால் கழுவிய பின் மெல்லிய துணியால் ஒற்றுக. மடிக்கும்போது அதன் மடிப்பில் ஒரு துணியை வைத்தல் நன்று. கித்தானைக் கழுவ மென்மையான சோப்பு நீரே தகும்.

இக்காலத்தில் பொத்தானை அழுத்தினால் தானே மடியும் கூரைகளும் உள்ளன. இவை முற்றிலும் புதியன அல்ல. பிரான்சில் ழார்ழ் போலன் என்னும் பல் வைத்தியர் வகுத்த முறைப்படி, பெழோ கம்பெனியார் 1934-ஆம் ஆண்டிலேயே தகட்டுக் கூரை முழுவதும் பின்பெட்டிக்குள் மறையும் வண்டியை வெளியிட்டனர். 1939-இல் அமெரிக்காவின் பிளிமத் வண்டியில் துணிக்கூரை யந்திர வலியால் எழுந்தது. இன்றைய வண்டிகள் பலவற்றில் மின்சாரப் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி, இருபுறத்து உருளைகளின் வாயிலாகப் புயங்களைத் தள்ளுகிறது. இவற்றிலும் புயங்களின் இலக்கணம் பழையதே. கை இழுத்தால் தடையைக் கை உணரும். பம்பு அவ்வாறு உணர்வதன்று. ஆகவே ஒரு பக்கம் பின்தங்குவதைக் கண்டதும் பொத்தானை விட்டுவிட வேண்டும். பாட்டரியின் வலிவையும் எண்ணெயின் அளவையும் முதலில் பார்க்க. கூரையைக் கட்டை கொடுத்துத் தாங்காமல் எண்ணெய்க் குழாயைத் தளர்த்தினால், அது திடீரெனத் தலைமேல் விழும். இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவதே அறிவுடைமை.

என் மாமாவின் வண்டிக்கு முதியவர் நான்கு பித்தளைப் புஷ்கள் இட்டார். கிழிந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தார். முன்னர்ப் புதுத்துணிக்குக் கொடுத்த தொகையில் சிறு பங்கே செலவாயிற்று. அதன்பின் அத்துணி அவ்விடத்தில் கிழியவில்லை. கூரையை எழுப்ப என் தங்கையின் ஒரு கையே போதுமானதாயிற்று.

நண்பர்களே, யந்திரம் ஒன்று இயங்க மறுக்கும்போது அது நம்மோடு பிணங்குவதாக எண்ணிச் சினங்கொள்கிறோம். உண்மையில் அது தன் நோய் இருக்கும் இடத்தை நமக்குக் காட்டுகிறது. வலிவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தை நாடுவோமாயின், துணியும் மிஞ்சும், பொருளும் மிஞ்சும், எல்லாவற்றிற்கும் மேலாக, நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்போரின் விரல்களும் தப்பும்.