மட்கார்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

மழை விட்ட பிறகு, மட்கார்டு இல்லாத சைக்கிளில் வந்தவரின் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகின் நடுவே இடுப்பிலிருந்து மேல்நோக்கிச் சேற்றுக் கோடு ஒன்று விழுந்திருக்கும். முன்னோக்கிச் செல்பவரின் முதுகில், சாலையில் கிடந்த நீர் எவ்வாறு ஏறியது? இதற்கு விடை கண்டால், மட்கார்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பழைய வகைச் சைக்கிள்களில் மட்கார்டு கூடவே வரும். இப்போது மாணவர்கள் விரும்பி வாங்கும் டிஸ்க் பிரேக் சைக்கிள்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தும்போது, பள்ளியில் படித்த வட்ட இயக்கமும் திருப்புத்திறனும் நமக்குக் கைகொடுக்கும்.

துளி செல்லும் பாதை

டயரில் ஒட்டிய நீர் சக்கரத்தோடு வட்டப் பாதையில் செல்கிறது. வட்டத்தில் இயங்கும் எப்பொருளுக்கும் மையநோக்கு விசை தேவை. இங்கே அவ்விசையைத் தருவது நீருக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள ஒட்டும் விசையே. சைக்கிள் மணிக்கு 18 கி.மீ., அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும்: 25 ÷ 0.35 = ஏறத்தாழ 71 மீ/வி². இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏழு மடங்கு! நீர் முழுவதையும் அவ்வளவு வலுவாகப் பிடித்துவைக்க ஒட்டும் விசையால் இயலாது. எனவே துளிகள் பிரிகின்றன.

பிரிந்த துளி ஆரத்தின் வழியே வெளிநோக்கிப் பாய்வதில்லை. பிரிந்த இடத்தில் வட்டத்துக்கு வரையப்படும் தொடுகோட்டின் வழியே செல்கிறது. சாணைக்கல்லிலிருந்து தீப்பொறி பறப்பதும் இப்படித்தான்.

பின்சக்கரத்தில் அச்சின் உயரத்துக்கு நேர் பின்னே ஒரு துளி பிரிவதாக வைத்துக்கொள்வோம். அங்கே தொடுகோடு நேர் மேல்நோக்கி இருக்கும். துளி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எழும்பும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அது ஏறும் உயரம் 25 ÷ (2 × 10) = 1.25 மீட்டர். அது பின்தங்கியும் விடாது. சைக்கிளின் முன்னோக்கிய வேகம், நிலைமத்தால் துளிக்கும் உண்டு. ஆகவே அது உங்களோடு கூடவே வருகிறது! இதற்குச் சற்று மேலே பிரியும் துளிகள் முன்பக்கம் சாய்ந்து எழும்பி நேரே முதுகில் விழுகின்றன. அச்சுக்குக் கீழே பிரிபவை பின்பக்கமாகச் சாய்ந்து, பின்னால் வரும் சைக்கிள்காரர் மேல் தெறிக்கின்றன. ஆக, பின் மட்கார்டின் மேற்பாதி உங்களுக்காக, கீழ்ப்பாதி பின்னால் வருபவருக்காக.

முன்சக்கரத்தில் கீழ்முனையே முக்கியம். தரையை விட்டு 20 அல்லது 30 பாகை மட்டும் சுழன்ற நிலையில் பிரியும் துளிகள் தாழ்வாகப் பின்னோக்கிப் பாய்ந்து, உங்கள் காலணியையும் செயினையும் நனைக்கின்றன. அவற்றைத் தடுக்க, மட்கார்டின் நுனியில் தொங்கும் ரப்பர்த் துண்டு தரைக்கு மேல் நான்கு விரற்கடை உயரம்வரை இறங்க வேண்டும். ரப்பராக இருந்தால் கல்லில் இடித்தாலும் வளைந்து கொடுக்கும். மட்கார்டின் முன்முனை போர்க்கைத் தாண்டிச் சிறிது முன்னே நீண்டிருப்பது நல்லது. சக்கரத்தின் மேற்பகுதியிலிருந்து முன்னே பறக்கும் துளிகள் காற்றில் வேகம் இழக்கும். பிறகு நாமே போய் அவற்றில் முகம் கொடுப்போம்.

டிஸ்க் பிரேக்கால் வரும் இடைஞ்சல்

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தின் நடுவே பொருத்திய எஃகுத் தட்டைக் காலிப்பர் என்னும் கவ்வி இருபுறமும் அழுத்துகிறது. காலிப்பர் பெரும்பாலும் இடப்பக்கம், அச்சுக்கு அருகில் இருக்கும். மட்கார்டைத் தாங்கும் கம்பிகளும் அச்சுக்கு அருகில்தான் வந்து சேர வேண்டும். வலப்பக்கக் கம்பி நேராக வந்துவிடும். இடப்பக்கக் கம்பியின் வழியில் காலிப்பர் நிற்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. காலிப்பருக்கு மேலே தனித் திருகு துளை இருந்தால் அதில் பொருத்தலாம். காலிப்பரைச் சுற்றிச் செல்லுமாறு வெளிப்புறம் வளைத்த கம்பியை வாங்கலாம். அல்லது துளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு புஷ் வைத்து, நீளமான திருகால் முடுக்கலாம்.

மூன்றாவது வழியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலை அதிர்வில் கம்பி 10 நியூட்டன் விசையுடன் திருகை அசைப்பதாகக் கொள்வோம். இடைவெளி 2 மி.மீ. ஆனால் திருப்புத்திறன் 0.02 நியூட்டன் மீட்டர். புஷ் 20 மி.மீ. ஆனால் 0.2; பத்து மடங்கு! எனவே தேவைக்கு மேல் நீளமான புஷ் கூடாது. நல்ல எஃகுத் திருகையே பயன்படுத்த வேண்டும். அதை இறுக்கமாக முடுக்குங்கள். இறுகிய புஷ் போர்க்கோடு ஒட்டி நின்று சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தளர்ந்தால் சுமை முழுவதும் திருகின் மேல் விழும். நாளடைவில் திருகு முறியும்.

காலிப்பரைப் பிடித்திருக்கும் திருகில், அதற்கென்றே தயாரிப்பாளர் தந்த பாகம் இருந்தாலன்றி, மட்கார்டுக் கம்பியை மாட்டாதீர்கள். அத்திருகு தளர்ந்தால் பிரேக்கும் தளரும். வேலை செய்யும்போது எண்ணெய்க் கையால் பிரேக் தட்டைத் தொடக் கூடாது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து பிரேக் பிடிக்காது. ஸ்பிரிங் போர்க் உள்ள சைக்கிளில் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீழ்ப்பகுதியிலேயே மட்கார்டு முழுவதும் நிலைபெற வேண்டும். மேற்பகுதியில் பிணைத்தால், ஸ்பிரிங் அமுங்கும்போது டயர் மட்கார்டில் மோதும்.

விட்டுக்கொடுக்கும் பிடிப்பு

மட்கார்டு டயரைவிட ஏறத்தாழ 1 செ.மீ. அகலமாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே எல்லா இடத்திலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இது வெறும் அழகுக்காக அன்று. சாலையில் கிடக்கும் குச்சி ஒன்று டயரோடு ஏறி முன் மட்கார்டுக்குள் சிக்கினால், சக்கரம் அதை உள்ளே இழுக்கும். மட்கார்டு மடங்கிச் சக்கரத்தை நிறுத்திவிடும். சக்கரம் நின்றாலும் ஓட்டுபவர் உடல் நிலைமத்தால் முன்னே செல்லும். ஹேண்டில்பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழ நேரும்.

இதைத் தவிர்க்கவே முன்சக்கரக் கம்பிகளுக்குக் கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடிப்பான்கள் வந்துள்ளன. வழக்கமான அதிர்வை இவை தாங்கும்; குச்சி சிக்கிப் பெருவிசை ஏற்பட்டால் கம்பியை விட்டுவிடும். இவற்றை நீக்கிவிட்டு, "உறுதியாக இருக்கட்டும்" என்று கட்டுக்கம்பியால் கட்டிவிடாதீர்கள். மின்சுற்றில் உருகிழை செய்யும் வேலையையே இங்கே இப்பிடிப்பான் செய்கிறது.

பொருத்தி முடித்ததும் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். கம்பி, பிரேக் குழாய், உங்கள் கால்நுனி ஆகியவற்றில் எதுவும் எதிலும் இடிக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

மட்கார்டு இல்லாத சைக்கிளைப் பின்சக்கரம் தரையில் படாதவாறு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பின்னே ஒரு மீட்டர் தொலைவில் பழைய செய்தித்தாளை நிமிர்த்தி வையுங்கள். நண்பர் ஒருவர் பெடலைக் கையால் சுற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, டயரின் அடிப்பக்கத்தில் சிறிது நீரை ஊற்றுங்கள். விரல்கள் ஸ்போக்ஸுக்கும் பிரேக் தட்டுக்கும் அருகே போகாதிருக்கட்டும். மெதுவாகச் சுற்றியபோதும் வேகமாகச் சுற்றியபோதும் துளிகள் தாளில் எந்த உயரத்தில் விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: வேகம் மணிக்கு 36 கி.மீ. ஆனால், அச்சின் உயரத்தில் பிரியும் துளி எவ்வளவு உயரம் எழும்பும்? இரு மடங்கா, நான்கு மடங்கா?